பதினெட்டு இன்ச் பெட்டி

சாயங்காலம் ஆறே முக்கால். பழைய ரயில்வே கேட்டைத் தாண்டினால் அரை மணிக்கு ஒரு வண்டிகூட வராத ரோடு... கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், இதைக் கத்திச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. சிரிக்கிறவன் இப்போதே சிரித்துக்கொள்ளட்டும்.

நம் வெல்டருக்கு ஒரு மச்சினன். பார்ட்டிகளுக்கு ஸ்பீக்கர் வைப்பவன். முதல் பார்ட்டியிலேயே தெருவையே இருட்டாக்கியதால் அவனுக்கு 'ஃபியூஸ்' என்று பெயர். அன்றைக்கு அந்த ரோட்டில் வேனில் போனது அவன்தான். வீட்டில் மனைவிக்கு நிறைமாதம். வலி எப்போது வேண்டுமானாலும் வரலாம், போகாதே என்று அவள் சொல்லியும் போனான்.

ஒரு குடோனில் பார்ட்டி. அங்கே கரண்ட் கிடையாது, பேட்டரி கொண்டுவர வேண்டும் என்று போனில் ஒரு பெண் சொல்லியிருந்தாள். சின்ன ஸ்பீக்கர் பெட்டிகள் போதும், ஆனால் விடியும்வரை பாட்டு ஓட வேண்டும் என்றாள்.

இவன் கேட்பானா? பதினெட்டு இன்ச் பேஸ் பெட்டியையும் சேர்த்து ஏற்றினான். நெஞ்சு அதிர்ந்தால்தான் அடுத்த ஆர்டர் வரும் என்பது அவன் நினைப்பு. அந்தப் பெட்டிக்கு அவன் பேட்டரி யானைப் பசிக்குச் சோளப்பொரி. மூன்று மணி நேரம் தாங்கினால் பெரிது. பத்து மணிக்கு மேல் எவன் ஆடப்போகிறான் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

குடோனில் ஈ காக்கை இல்லை. ஷட்டர் மட்டும் திறந்திருந்தது. போனை வேனிலேயே மறந்துவிட்டு, பெட்டிகளை உள்ளே இறக்கி, பாட்டைப் போட்டுப் பார்த்தான்.

கரகரகர...

பின்னால் ஷட்டர் இறங்கி 'டங்'கென்று தரையில் உட்கார்ந்தது. மோட்டார் ஷட்டர். கையால் தூக்கினால் அசையவில்லை. கரண்டே இல்லாத இடத்தில் மோட்டார் எப்படி ஓடியது? வெளியே ஆள் இருக்கிறார்களா என்று கேட்பதற்காகப் பாட்டை நிறுத்தினான்.

சரக்... சரக்...

வெறுங்கால்கள். ஒன்றல்ல, பத்துப் பதினைந்து ஜோடி. சுவரோரத்திலிருந்து அவனை நோக்கி வந்தன. கூடவே காயாத துணியின் வாடை. டார்ச் அடித்தான்... வெறும் சிமென்ட் தரை. அலறிக்கொண்டு பாட்டைப் போட்டான். கால்கள் அப்படியே சுவருக்குத் திரும்பிப் போயின.

பேஸ் பெட்டியைக் கழற்றினால் பேட்டரி காலைவரை தாங்கும். ஒயரை உருவினான். சரக்... முதுகுக்கு நேர் பின்னால். பேஸ் அதிர்வில் அவை ருசி கண்டுவிட்டன, இனிச் சின்னப் பெட்டிக்கு அடங்குமா? ஒயரைத் திரும்பச் செருகினான். அந்தப் பெட்டியை ஏற்றிய கையை நொந்துகொண்டு, வாய்விட்டு அழுதான்.

பேட்டரியில் நான்கு பச்சை விளக்குகள் இருந்தன. மூன்றாயின... இரண்டு... ஒன்று.

மோட்டார் ஒயரைத் தன் பேட்டரியில் கொடுத்தால் ஷட்டர் ஏறும். ஆனால் மோட்டாரையும் பாட்டையும் சேர்த்து அது இழுக்காது. பாட்டை நிறுத்தியே ஆக வேண்டும். ஒரு முழம் ஏற எட்டு எண்ணும் நேரம் ஆகும். எல்லாவற்றையும் ஷட்டர் பக்கம் இழுத்து வைத்தான். மனைவியை நினைத்துக்கொண்டு, பாட்டை நிறுத்தினான்.

மோட்டார் முனகியது. ஒன்று... இரண்டு... சரக் சரக் சரக். ஐந்து... பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள். ஏழில் படுத்து உருண்டான். வெளியே புழுதி. திரும்பிப் பார்க்காமல் வேனை எடுத்தான்.

மறுநாள் மத்தியானம் ஆகியும் ஃபியூஸ் படுக்கையை விட்டு எழவில்லை. வேன் காலியாக நின்றதால், அவன் மனைவி சொன்ன இடத்துக்குச் செட்டை எடுத்துவர வெல்டர் போனார். ஷட்டர் மூடியிருந்தது. உள்ளே தம்... தம்... என்று பேஸ் அடித்துக்கொண்டிருந்தது. தகரத்தில் காதை வைத்தார்.

"மாமா... நீங்களா? திறங்க மாமா. நேத்துலருந்து உள்ளயே மாட்டிக்கிட்டேன். ஒரு லைட்டுதான் மிச்சம் இருக்கு."

மச்சினன் குரல். அழுது அழுது மூக்கடைத்த குரல். வெல்டர் அவன் வீட்டுக்குப் போன் போட்டார். அவன் மனைவி ரகசியம்போல மெதுவாகப் பேசினாள்.

"இங்கதான் இருக்காருண்ணா. ராத்திரி வந்ததுலருந்து ஒரு வார்த்தை பேசல. என் வயித்துல காதை வச்சு குழந்தையோட துடிப்பைக் கேட்டுக்கிட்டே இருக்காரு."

வண்டியில் தகரம் அறுக்கும் மெஷின் இருந்தது. இரண்டு நிமிஷ வேலை. அறுப்பதா, அந்த வீட்டுக்கு ஓடுவதா... எது மச்சினன் என்று தெரியாமல் வெல்டர் நின்ற இடத்திலேயே நின்றார்.

உள்ளே பாட்டு நின்றது.