மேற்பிரிவுப் பீலியில் எண்ணெய் வழித்தது

பெயர்: அம்மாக்கண்ணு, வீரய்யாவின் மனைவி. வயது: 43. தொழில்: கொழுந்து பறித்தல். இருப்பிடம்: லிந்துலை, செங்காட்டுத் தோட்டம், மேற்பிரிவு, மூன்றாம் லயம். திகதி: 14.08.1979.

தோட்டத்து எண்ணெயை நாங்கள் திருடியதாக, தோட்டத்தை நடத்தும் எங்கள் துரை பொலிசில் கொடுத்த முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கேட்டதும் சிரித்துவிட்டேன், ஐயா மன்னிக்க வேண்டும்.

போன வியாழக்கிழமை, தொழிற்சாலை அடுப்புக்குக் கறுப்பு எண்ணெய் கொண்டுவந்த பவுசர் லொறி எங்கள் லய வீடுகளுக்கு மேலே வளைவில் குடைசாய்ந்தது. சாரதிக்குக் காயமில்லை. எண்ணெய் ஓடையில் இறங்கி, நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு வந்துவிட்டது. லயமே குடிப்பதும் சமைப்பதும் அந்தப் பீலித் தண்ணீரில்தான். அதன் பின்னர் துரையிடம் போனோம். எண்ணெய் தொழிற்சாலைக்கு வந்து சேரவில்லை, ஆகையால் அது லொறிக்காரனுடையது, வழிக்கத் தோட்டம் ஆள் போடாது என்றார்.

அடுத்த நாள் தோட்டத்து இரண்டு தொழிற்சங்கத் தலைவர்மாரும் வந்தார்கள். பழனியாண்டி தன் சங்கக் கொடியை ஓடைக்கரையில் நட்டார். இராயப்பன் தன் கொடியை அதைவிட மேட்டில் நட்டார். எந்தச் சங்கம் துப்புரவு செய்ததென்று பேப்பருக்குச் சொல்வது என்பதில் தகராறு. கைப்பிள்ளைக்காரிகள் வெறுங்குடத்தோடு நின்றார்கள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "அந்த ரெண்டு கொடியையும் இங்கிட்டு குடுங்கண்ணே, தொடைக்கத் துணி பத்தல" என்றேன். இருவரும் கொடியைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

அதன் பின்னர் நாங்கள் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை அவிழ்த்து, எண்ணெயில் தோய்த்து வாளிகளில் பிழிந்தோம். முகம், மூக்குத்தி எல்லாம் கறுப்பு. என் வீட்டுக்காரர் என் முன்னாலேயே வந்து நின்று, "எம் பொண்டாட்டியப் பாத்தீங்களா?" என்று என்னையே கேட்டார். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மலையில் சுமந்த எதையும் மடுவத்தில் எடை போடாமல் வீட்டுக்குப் போய் எங்களுக்குப் பழக்கமில்லை. ஆகவே வாளிகளையும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குத் தூக்கிப்போய், அன்றைய சம்பளத்துக்குப் பேர் போடச் சொன்னோம். கணக்கப்பிள்ளை பொன்னையாவும் பழக்கதோஷத்தில், கொழுந்துக்குக் கழிப்பதுபோல் ஈரத்துக்கென்று கொஞ்சம் கழித்துக்கொண்டு பேர் போட்டுவிட்டார். இது துரை காதுக்கு எட்டியது. அந்தச் சம்பளத்தைக் கொடுக்காமல் தப்பத்தான் இந்த முறைப்பாடு. ஓடையில் கிடந்தவரை அது லொறிக்காரன் எண்ணெய், வாளிக்கு வந்ததும் தோட்டத்து எண்ணெய்.

சரி, தோட்டத்து எண்ணெயாகவே இருக்கட்டும். அப்படியானால் பீலியில் இன்னும் ஒட்டிக்கிடப்பதும் தோட்டத்துடையதுதான், தோட்டமே ஆள் போட்டு வழிக்கட்டும். இதைப் பொலிஸ் நிலைய வாசலிலேயே எல்லோர் காதிலும் விழச் சொன்னேன். அதன் பின்னர் துரை முறைப்பாட்டை வாபஸ் வாங்க விரும்புவதாக ஐயா தெரிவித்தீர்கள்.

"அய்யோ வேணாங்க, கேஸ் இருக்கட்டும்" என்றேன். எண்ணெய் தன்னுடையது என்று துரையே கையெழுத்துப் போட்டிருக்கிறார். பீலியில் நல்ல தண்ணீர் விழட்டும், அன்றைக்கு வாபஸ் வாங்கட்டும். அந்தத் தண்ணீரில் நானே துரைக்குத் தேத்தண்ணி ஊற்றித் தருகிறேன்.

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கொன்ஸ்தாபிள் றோலண்ட் தமிழில் வாசித்துக் காட்ட, சரியென ஒப்புக்கொண்டு இடது பெருவிரல் அடையாளம் இடுகிறேன்.

(வாக்குமூலம் பதிந்தவர் குறிப்பு: விரலில் எண்ணெய்க் கறை இருந்தபடியால் மை தேவைப்படவில்லை.)