காத்தாடி வெளிச்சம்

கேப்டன்: கையை எடு.

துணை விமானி: மேடம், ஸ்க்ரீன் எல்லாமே…

கேப்டன்: பாத்தேன். அதான் கையை எடுன்னேன். மொதல்ல மூச்ச விடு. இன்ஜின் ரெண்டும் ஓடுதா?

துணை விமானி: ஓடுது. சத்தம் கேக்குது.

கேப்டன்: அப்ப விழமாட்டோம். கரண்ட்டுதான் போயிருக்கு. வீட்ல கரண்ட் போனா என்ன பண்ணுவே?

துணை விமானி: பக்கத்து வீட்டுல இருக்கான்னு எட்டிப் பாப்பேன்…

கேப்டன்: முப்பதாயிரம் அடியில பக்கத்து வீடு ஏது. பொழுதும் சாஞ்சாச்சு. டார்ச்ச எடு.

துணை விமானி: மேடம், கீழ என்னமோ ங்ங்ங்ன்னு…

கேப்டன்: காத்தாடி. பிளேனோட வயித்துலேர்ந்து தானா விழுந்து சுத்துது. நாம போற வேகக் காத்துலயே கரண்ட் எடுக்கும்.

துணை விமானி: பரீட்சைக்குப் படிச்சிருக்கேன். ஆனா… உங்க ஸ்க்ரீன் வந்துடுச்சு மேடம். வெறும் காத்துல வந்துடுச்சு.

கேப்டன்: இத்தன வருஷத்துல நானே இன்னைக்குத்தான் இந்தச் சத்தத்தக் கேக்குறேன். உடம்பெல்லாம் சிலிர்க்குது… டார்ச்ச எங்க அடிக்கிற? என் கை மேல அடிக்காத. புத்தகத்துல அடி.

துணை விமானி: சாரி மேடம்.

கேப்டன்: படி.

துணை விமானி: ஜெனரேட்டர அணைச்சுத் திரும்பப் போடணும். ஒரு தடவை மட்டும். விரல் வச்சிருக்கேன்… கன்ஃபார்மா?

கேப்டன்: கன்ஃபார்ம்.

துணை விமானி: அணைச்சாச்சு… போட்டாச்சு… வரல. அடுத்த ஜெனரேட்டர். கன்ஃபார்மா?

கேப்டன்: கன்ஃபார்ம்.

துணை விமானி: இதுவும் வரல. இன்னொரு தடவை…

கேப்டன்: வேணாம்.

துணை விமானி: ஒரே ஒரு தடவை மேடம். சில சமயம் பிடிச்சுக்கும்.

கேப்டன்: எதனால போச்சுன்னு தெரியாது. உள்ள கம்பி கருகிக் கிடந்தா, நம்ம கையாலயே நெருப்பு வச்ச மாதிரி ஆகும்.

துணை விமானி: காத்தாடியும் நின்னுட்டா? இத்தன பேர வச்சுக்கிட்டு… உங்களுக்கென்ன மேடம். உங்களுக்குப் பின்னாடி யாரு இருக்கா.

கேப்டன்: சுவிட்ச்லேர்ந்து விரல எடு, தம்பி.

துணை விமானி: …எடுத்துட்டேன்.

கேப்டன்: ஒரு ரேடியோ உயிரோட இருக்கு. பக்கத்துல எந்த ஏர்போர்ட்னாலும் சரி, வழி கேளு. யாரது, கதவுல?

பெரியக்கா: நான்தான் கேப்டன். மைக் வேலை செய்யல. நானும் மத்த ஏர்ஹோஸ்டஸ் பொண்ணுங்களும் ஒவ்வொரு வரிசையா டார்ச்சோட போய்ப் பேசிட்டு வர்றோம். என்ன சொல்லட்டும்?

கேப்டன்: உள்ளதச் சொல்லுங்க பெரியக்கா. கரண்ட் இல்ல, இன்ஜின் இருக்கு, சீக்கிரமே இறங்குறோம். எப்படி இருக்காங்க?

பெரியக்கா: மூச்சுச் சத்தம்கூட இல்ல. ஒருத்தர் அழுதா போதும், அத்தன பேரும் அழுதுடுவாங்க.

துணை விமானி: எல்லாருமே நல்லா இருக்காங்கல்ல?

பெரியக்கா: எல்லாருமே, தம்பி.

கேப்டன்: பெல்ட் எல்லாம்… எல்லாரும்…

பெரியக்கா: எல்லாருமேன்னு சொன்னேனே கேப்டன். முன்னாடி பாருங்க. நான் வர்றேன்.

துணை விமானி: மேடம், ஏர்போர்ட் நேர் எதிர்லயாம். நமக்காக வானத்தையே காலி பண்ணி வச்சிருக்காங்க.

கேப்டன்: மகராசனுங்க நல்லா இருக்கட்டும். தாழ வந்துட்டோம், கரண்ட் இல்லாம சக்கரத்தக் கையாலதான் இறக்கணும். அந்தக் கைப்பிடியச் சுத்து.

துணை விமானி: சுத்துறேன்… பூட்டு விட்டுடுச்சு. சக்கரம் தன் பாரத்துலயே கீழ போகுது… மேடம், காத்து வெளிச்சம் குடுக்குது, பூமி சக்கரத்த இழுத்து இறக்குது. நாம என்னதான் பண்றோம்?

கேப்டன்: குறுக்க நிக்காம இருக்கோம்.

துணை விமானி: அதோ… ஓடுபாதை. இருக்குற விளக்கு பூராத்தையும் போட்டு வச்சிருக்காங்க. எவ்வளவு அழகா இருக்கு.

கேப்டன்: பக்கத்து வீட்டுல கரண்ட் இருக்கு, தம்பி. இனி வேகம் குறையும், காத்தாடி அடங்கிடும். மிச்சம் பேட்டரிதான். பேசாம உயரத்த மட்டும் சொல்லு.

துணை விமானி: நூறு… ஐம்பது… முப்பது… பத்து… தொட்டுட்டோம் மேடம்.

கேப்டன்: இன்னும் நிக்கல.

துணை விமானி: வேகம் குறையுது… குறையுது…

கேப்டன்: இப்ப நின்னாச்சு.

பெரியக்கா: எல்லாரும் இறங்கியாச்சு, ரெண்டு பேரும் இன்னும் இங்கயே உக்காந்திருக்கீங்க. கீழ மெக்கானிக் மூடியத் திறந்து பாத்துட்டு அப்படியே நின்னுட்டார். கம்பியெல்லாம் கரிக்கட்டையாம். இன்னொரு தடவை சுவிட்சப் போட்டிருந்தா அவ்வளவுதானாம்.

துணை விமானி: மேடம்…

கேப்டன்: போடல இல்ல. விடு.

பெரியக்கா: வாங்க ரெண்டு பேரும். வெளிய உங்க ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க.

கேப்டன்: பெரியக்கா…

பெரியக்கா: இனிமே என்ன கேப்டன் ரகசியம்? தம்பி, உன் அப்பா மொத தடவை பிளேன் ஏறுறார், கேப்டனுக்குத் தெரியவேணாம்னே. இவங்க என்னடான்னா, பொண்ணு ஏறியிருக்கா, தம்பிக்குத் தெரியவேணாம்னாங்க. நான் ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சுட்டேன்.

துணை விமானி: பொண்ணா?

பெரியக்கா: பயப்படாத பாப்பா, என் மவன் ஓட்டுறான்னு அவர். இல்ல தாத்தா, எங்கம்மாதான் ஓட்டுறாங்கன்னு அவ. தரையத் தொடுற வரைக்கும் அதே சண்டை. அதக் கேட்டுத்தான் அந்தப் பக்கம் யாருமே அழல.

துணை விமானி: உங்களுக்குப் பின்னாடி யாரு இருக்கான்னு கேட்டுட்டேனே மேடம்… வாய் கூசுது. பெத்த பொண்ண வச்சுக்கிட்டா வேணாம்னு சொன்னீங்க? அத்தன நேரத்துல உங்க கை ஒரு தடவைகூட நடுங்கலையே.

கேப்டன்: பின்ன எதுக்குத் தம்பி டார்ச்சப் புத்தகத்துல அடிக்கச் சொன்னேன்?