கண்ணாடி போடாத படம்

— திட்டறதா இருந்தா முகமூடியைக் கழட்டிட்டுத் திட்டு வின்னி. பாதி வசவு துணிக்குள்ளயே தங்கிடுது.

— ஏன்யா கத்பர்ட்டு, நான் பிரிண்ட் போடச் சொன்ன போட்டோவுல இருந்தது கறுப்புப் பாறை. இது என்ன, மாவு சலிச்ச மாதிரி வெள்ளையா பூத்துக் கெடக்கு?

— மை உரியாம இருக்க அடிக்கிற வார்னிஷ் ஸ்பிரே, நாத்தம் தாங்கலைன்னு வாசல்ல வெச்சு அடிச்சேன். கடல் பனிமூட்டம் வந்து படத்துல குடியேறிடுச்சு.

— நியூஃபவுண்ட்லாந்துல பொறந்தவன் பனியில நின்னு அடிப்பானா?

— பொறந்தப்பவும் பனிதான் கேப்டனம்மா. அதான் எங்கம்மா சரியா பாக்காம என்னைத் தூக்கிட்டு வந்துட்டாங்க.

— விளையாடாதேய்யா. நாளைக்கு விடியறப்ப நண்டுக்குப் படகு கெளம்புது.

— தெரியும். அதான் இன்னொரு பிரிண்ட் போட்டு வெச்சிருக்கேன். காலைலேர்ந்து அடுப்பு மூட்டி இந்த ஷெட்டைக் காய வெச்சு, இப்பதான் அணைச்சேன். நெருப்பு இருக்கிறப்ப அடிச்சா படத்தோட நாமளும் போயிடுவோம். பேசாம கண்ணாடி போட்டுத் தரேன்னேன், கேட்டியா?

— படகுல கண்ணாடியா? மொத அலைக்கே என் மூஞ்சில தெறிக்கும். மொட்டையா மாட்டினா கை பட்ட எடமெல்லாம் கறுப்பு உரியுது. நீ அடி.

— தள்ளி நில்லு. காகிதத்துக்கு வெளியில ஆரம்பிச்சு வெளியிலயே போய் நிறுத்தணும். நடுவுல தயங்கினா சொட்டிடும்... ஆச்சு. மொதப் பூச்சு காயட்டும்.

— அதுவரைக்கும் என்ன பண்றது?

— கிறிஸ்துமஸ் விருந்துல என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டேனே. அதைப் பத்திப் பேசலாம்.

— வாய் நெறைய கேக்கை வெச்சுக்கிட்டுக் கேட்டே. ஊரே சிரிச்சுது. எல்லாரையும் விட நீதான் சத்தமா சிரிச்சே.

— நீ மாட்டேன்னா, சும்மா ஜோக்குன்னு தப்பிச்சுக்கலாம்ல? அவ்வளவு தூரம் அல்பெர்ட்டாவுக்கே குடிவரச் சொல்லி உன் தங்கச்சி கூப்பிடறாளாமே.

— கூப்பிடறா.

— போறியா?

— ரெண்டாவது பூச்சை அடி.

— அடிக்கிறேன்... இப்பப் பாரு, சாம்பலா இருந்த பாறை கன்னங்கரேல்னு ஆயிடுச்சு. அட, கீழ இதென்ன மஞ்சளா ஒரு புள்ளி? தூசு ஒட்டிக்கிச்சு. இரு, நகத்தால சொரண்டி...

— கையை எடுய்யா!

— ஏன்?

— அது தூசு இல்ல, விளக்கு. மீன் புடிச்சுட்டுத் திரும்பறப்ப படகுலேர்ந்து எடுத்தேன்.

— அந்தப் பாறைக்குக் கீழ என் வீட்டைத் தவிர வேற வீடே இல்லையே.

— இல்ல.

— என் சமையல்கட்டு பல்பா? படகுல ரேடார் இருக்கு, இன்னும் என்னென்னமோ இருக்கு. அந்தக் குண்டு பல்பு எதுக்கு உனக்கு?

— ரேடார்ல பாறை தெரியும். நீ முழிச்சிருக்கியான்னு தெரியாது.

— வின்னி... அப்ப அல்பெர்ட்டா?

— வரலைன்னு தங்கச்சிகிட்ட சொல்லியாச்சு.

— இதை மொதல்லயே சொன்னா என்னவாம்?

— நீ ஒரு நாளாவது சிரிக்காம கேக்கறியான்னு பாத்தேன்.

— சிரிக்கல. மூணாவது பூச்சு அப்புறம், டப்பாவைக் கீழ வெச்சுட்டேன். கேக்குறேன். என்னைக் கட்டிக்கிறியா?

— கட்டிக்கிறேன். கிறிஸ்துமஸ் அன்னிக்கும் இதையேதான் சொன்னேன் கத்பர்ட்டு. உன் சிரிப்புச் சத்தத்துல உனக்கு மட்டும்தான் கேக்கல.