அடிப்பக்க நீலம்

இந்த அறைச் சுவருக்கு அடித்திருக்கும் பச்சையைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை. அலுவலகம் என்றால் அப்படித்தான் இருக்கும். ஜன்னலுக்குக் கீழே மட்டும் வேறு டப்பாவைத் திறந்திருக்கிறார்கள்; அது உங்கள் தவறும் அல்ல. நான் வந்தது உங்கள் அறிக்கையில் ஒரே ஒரு சொல்லைத் திருத்தத்தான், ஐயா. முதியவரின் மருமகன், அதாவது நான், ‘கவனக்குறைவால்’ குப்பியை மாற்றி எடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மற்றபடி அறிக்கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கதவு எண் சரி, அறையின் அமைப்பு சரி, என் மனைவி அழுதுகொண்டே சொன்னதைக்கூடக் கோர்வையாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் மட்டும் தப்பு. என்னைத் தெரிந்த யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், என்னை எதுவும் சொல்வார்கள், கவனம் இல்லாதவன் என்று சொல்லமாட்டார்கள்.

நான் வாகனக் காப்பீட்டில் சேதம் மதிப்பிடுகிறவன். நசுங்கிய கதவைப் பார்த்து, எது எந்தக் கோணத்தில் வந்து மோதியது என்று சொல்வது என் வேலை. நேரில் பார்த்தவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்வேன், தலையாட்டுவேன், எழுதிக்கொள்ள மாட்டேன். சிவப்பு வண்டி என்று சத்தியம் செய்வார்கள். கீறலில் ஒட்டியிருக்கும் பெயின்ட் வெள்ளையாக இருக்கும். அவர்கள் பொய்யர்கள் என்று சொல்லவில்லை. பாவம், கண்ணால் பார்த்தவர்கள், அவ்வளவுதான்.

ஓய்வு நேரத்தில் போர் விமான மாதிரிகள் செய்கிறேன். வாசலில் இருக்கும் உங்கள் காவலர் ‘பொம்மையா சார்?’ என்று கேட்டார். பொம்மை என்பது குழந்தைகள் தொடுவது. இதைக் குழந்தை தொட்டால் அந்தக் குழந்தையின் பெற்றோரோடு எங்கள் பேச்சுவார்த்தை முடிந்துவிடும். எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. விமானி உங்கள் கட்டைவிரலின் முதல் கணு உயரம்தான் இருப்பார். இந்த அளவில் அசல் நிறத்தை அப்படியே அடித்தால் கறுத்துத் தெரியும். தொலைவில் நிற்கும் பொருள் வெளிறித் தெரிவது போல நிறத்தையும் வெளிறச் செய்ய வேண்டும். எவ்வளவு வெளிறச் செய்வது என்பதில்தான் மனிதர்கள் பிரிகிறார்கள். மாதிரி செய்கிறவர்களுக்கான எங்கள் சங்கத்துச் செயலாளரும் பொருளாளரும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. ஒரு சாம்பல் நிறத்தில் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் பேசிக்கொள்வதில்லை. கூட்டத்தில் அண்ணன் சொல்வதைத் தம்பிக்குத் தலைவர் திருப்பிச் சொல்வார். தலைவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். ஏர் மார்ஷல் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை விமானத்தில் ஏறினார், கைத்தாங்கலாக இறக்கினார்கள். வெளியே இருந்து பார்த்தால் இதெல்லாம் சிரிப்பாக இருக்கும். எனக்கு அதில் ஒரு நேர்மை தெரிந்தது.

என் மாமனார் போர் விமானி. மாமியார் போன பிறகு எங்களோடு வந்து தங்கினார். ஒரு கண் நீரழுத்த நோயில் எப்போதோ போய்விட்டது, மறு கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தது. அவர் ஓட்டிய விமானத்தைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன். அந்த வகை இப்போது எங்கேயும் முழுதாக இல்லை. இருப்பது ஒரே ஒரு புகைப்படம், அதுவும் கறுப்பு வெள்ளை. அதிலிருந்து நிறத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பீர்கள். ஒவ்வொரு சாம்பலுக்கும் கீழே ஒரு நிறம் இருக்கிறது, ஐயா. என்ன பிலிம், வெயில் எந்தப் பக்கம், ஓடுபாதைத் தார் எவ்வளவு கறுப்பு என்று பொறுமையாகக் கழித்துக்கொண்டே வந்தால் அது தானாக வெளியே வரும். வந்தது. அடிப்பக்கம் வெளிர் நீலம். பச்சை ஒரு பொட்டுக்கூட இல்லை. சங்க இதழில் கட்டுரையாக எழுதினேன். அண்ணன், தம்பி இருவருமே பாராட்டினார்கள், தனித்தனியாக.

விமானக் காட்சியகத்தின் காப்பாளர் கட்டுரையைப் படித்துவிட்டு வந்தார். மாதிரியைக் கண்ணாடிப் பேழையில் வைக்கிறோம், கீழே ‘நிறங்களை ஆய்ந்து உறுதி செய்தவர்’ என்று போட்டு உங்கள் பெயரை எழுதுகிறோம் என்றார். உறுதி என்ற சொல்லோடு என் பெயர் அதுவரை எங்கும் அச்சானதில்லை, கல்யாணப் பத்திரிகையிலும்கூட. திறப்பு விழாவில் மாமனார் வந்து இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று காப்பாளர் கேட்டுக்கொண்டார்.

அன்று மாலை மாமனார் என் வேலை மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாதிரியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துத் திருப்பினார்.

“அடியில இந்த நிறமா இருந்துச்சு மாப்பிள்ளை? கொஞ்சம் பச்சை ஓடும்னு ஞாபகம்.”

“ஓட்டுறவங்க அடிப்பக்கத்தைப் பாக்க மாட்டாங்களே மாமா.”

“ஓட்டுறப்ப எங்க பாக்குறது? உத்தரவு வர்ற வரைக்கும் எறக்கை நெழல்லதான் மல்லாந்து படுத்துக் கெடப்போம். நாள் பூரா. அதை விட்டா வேற என்னத்தைப் பாக்குறது? தேங்கின தண்ணில பாசி படர ஆரம்பிச்சா ஒரு நிறம் வரும் பாருங்க, அது.”

நான் சங்கத்தில் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். “கண்ணுல புரை இருந்தா நீலம் பச்சையாத்தான் தெரியும். மருத்துவ உண்மை,” என்றார் ஏர் மார்ஷல். எனக்கு மனம் லேசானது. காட்சியகத்துக் கிடங்கில் அந்த விமானத்தின் வால் தகடு ஒன்று கிடக்கிறது, அதிலும் பச்சை தெரிகிறது என்று காப்பாளர் பிறகு சொன்னார். கிடங்கு ஈரமான இடம். பாசியாக இருக்கும்.

சிக்கல் என் மனைவியால் வந்தது. அவள் அப்பாவுக்கு அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். கட்டைப் பிரித்ததும் அவர் வீடு முழுக்கச் சுற்றி வந்தார்.

“ஏம்மா, இந்தத் திரைத்துணி நீலமா? நான் இத்தனை நாளா அழுக்குன்னுல்ல நெனைச்சேன்!”

“அழுக்குதாம்பா. துவைச்சாலும் போகல,” என்றாள் அவள்.

“உனக்கு நரை விழுந்துருச்சே.”

“கண்ணு தெரிஞ்சதும் முதல்ல இதைத்தான் பாக்கணுமா?”

அவள் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு அவர் என் மேசைக்கு வந்தார். மாதிரியை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“தத்ரூபமா இருக்கு மாப்பிள்ளை. கை எடுத்துக் கும்பிடணும். அந்த அடிப்பக்க நீலம் மட்டும்...”

“பச்சையா?”

“இப்பத் தெளிவாத் தெரியுது. பச்சை இருக்கணும்.”

“விழாவுல கேட்டா அப்படியே சொல்லிடுவீங்களா மாமா?”

“பின்ன? கேட்டா உள்ளதைச் சொல்லித்தானே ஆகணும்,” என்று சொல்லி, சரியான அந்தக் கண்ணைச் சிமிட்டினார். புதுப் பார்வையைப் பரிசோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கோபப்படவில்லை. அதையும் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளலாம். மாமனார் மீது எனக்கு என்றும் மரியாதை உண்டு. அவரை எங்காவது வெளியூருக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். ஆனால் அவருக்குத் தொலைபேசியில் பேசப் பிடிக்கும். விழாவைத் தள்ளிப்போடச் சொல்லலாமா என்று யோசித்தேன். தள்ளிப்போட்டால் அவர் பார்வை இன்னும் தெளிவாகும் என்றார் மருத்துவர். எந்தப் பக்கம் போனாலும் பிரச்சினை அந்த ஒரு கண்ணில் வந்து நின்றது. மனிதரை ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

குப்பிகளைப் பற்றி உங்கள் அறிக்கையில் இருப்பது உண்மைதான். எங்கள் தொழிலில், தொழில் என்றே சொல்கிறேன், கண் மருந்து தீர்ந்த குப்பிகளைத் தூக்கிப் போடமாட்டோம். சொட்டுச் சொட்டாக விடுவதற்கு அதைப் போல வசதியானது இல்லை. பெயின்ட்டைக் கரைக்கும் தின்னரையும் கரைத்த பெயின்ட்டையும் அதில்தான் வைத்திருப்போம். ஏர் மார்ஷல் கடையிலிருந்து காலிக் குப்பிகளைச் சேர்த்துத் தருவார். ஆனால் என்னுடையவை ஒவ்வொன்றிலும் பட்டை உண்டு. தின்னருக்குச் சிவப்புப் பட்டை, மூடியிலும் சிவப்பு. மின்சாரம் போனாலும் தடவிப் பார்த்து எடுப்பேன். பட்டையின் ஓரத்தில் ஒரு வெட்டு வைத்திருக்கிறேன். அந்தக் குப்பியை இன்னொன்று என்று நினைத்து எடுத்தேன் என்பதை நீங்கள் எப்படி நம்பினீர்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

காலையும் இரவும் மருந்து விடுவது மனைவி. மதியம் அவள் வேலையில் இருப்பாள், அப்போது என் முறை. மாமனார் கட்டிலில் மல்லாந்து படுத்து, “சீக்கிரம் மாப்பிள்ளை, கிரிக்கெட் ஆரம்பிச்சுடும்,” என்றார். சிவப்புப் பட்டையைப் பிரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

“எரியுதே மாப்பிள்ளை,” என்றார்.

“அப்படித்தான் இருக்கும் மாமா. கண்ணை மூடிக்கிட்டே இருங்க.”

அவர் என் பேச்சைத் தட்டியதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மூடிக்கொண்டே இருந்தார். வலி தாங்காமல் எழுந்தபோதும் என் கையைத்தான் தேடிப் பிடித்தார். தண்ணீர் எடுத்து வருகிறேன் என்றேன். எடுத்தும் வந்தேன், நிதானமாக.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மருத்துவமனை வராந்தாவில் என் மனைவி, “அந்தக் குப்பிங்களைத் தூக்கிப் போடுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்!” என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். உள்ளே இருந்து மாமனார் குரல் கொடுத்தார். “அவரை ஒண்ணும் சொல்லாதம்மா. தெரியாம நடந்துபோச்சு. மனுஷன் உள்ளுக்குள்ள செத்துக்கிட்டு இருப்பாரு.” எனக்குப் பசித்தது. சொன்னால் நன்றாக இருக்காது என்று பேசாமல் நின்றேன்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். சங்கம் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ‘குப்பிகளும் கவனக்குறைவும்’ என்ற தலைப்பில் இதழில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டார்கள். எனக்குப் பக்கத்திலேயே உட்காரும் தம்பிதான் எழுதியிருந்தார். ‘அனுபவமுள்ள உறுப்பினர் ஒருவரே அலட்சியத்தால்’ என்று தொடங்கியது. அண்ணன் அதை வழிமொழிந்தார். என் விஷயத்தில் அவர்கள் இருவரும் சமாதானமாகிவிட்டார்கள், ஐயா. இப்போது ஒன்றாகத் தேநீர் குடிக்கிறார்கள். சிவப்புப் பட்டையில் வெட்டு வைத்த ஒருவனை, பட்டையே ஒட்டத் தெரியாதவர்கள் அலட்சியக்காரன் என்கிறார்கள்.

விழா நேற்று நடந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட மாமனாரைக் கைப்பிடித்து மேடை ஏற்றினேன். காப்பாளர் பேழையைத் திறந்து, அவர் விரல்களை எடுத்து இறக்கையின் மேல் வைத்தார். ஒலிவாங்கியை நீட்டி, “ஐயா, நீங்க ஓட்டின விமானம் இதுதானா?” என்றார்.

மாமனார் இறக்கையின் அடியைத் தடவினார். “இதேதான். எங்க மாப்பிள்ளை செஞ்சது. நிறம்கூட அச்சு அசலா அப்படியே இருக்கு.”

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. ஏர் மார்ஷல் கைக்குட்டையை எடுத்தார். பார்வை இல்லாதவர் நிறத்துக்குச் சாட்சி சொல்கிறாரே என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

திரும்பும் வழியில் வண்டியில் கேட்டேன். “பச்சை இருக்கும்னு சொன்னீங்களே மாமா.”

“இருந்துச்சுதான். அதைப் போய் அங்க சொல்லுவாங்களா? நம்ம வீட்டுப் பிள்ளையை நாலு பேர் முன்னாடி விட்டுக்கொடுக்க முடியுமா? கண்ணு இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். அன்னைக்கே கண்ணடிச்சேனே, பாக்கலையா?”

இன்று காலை எழுந்ததும் இங்கே வந்துவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள். கவனக்குறைவு அல்ல. குப்பியில் என்ன இருக்கிறது என்று தெரிந்து எடுத்தேன். அவருக்கு இருப்பது அந்த ஒரு கண்தான் என்று தெரிந்து விட்டேன். கையெழுத்துப் போடத் தயார். கூடவே இன்னொன்றையும் சேர்க்க முடியுமா என்று பாருங்கள், ஐயா: நேற்று அந்த மண்டபத்தில் இருந்த எல்லாரிலும், பொய் சொன்னவர் அவர் ஒருவர்தான்.