கதிர் வராத சோளம்

காலை ஆறு நாற்பது. வல்லம் வடகாலில் நின்ற ஷேர் ஆட்டோவுக்குள் முதலில் ஏறியது ஒரு பச்சைத் தீவனக் கட்டு. அதைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஒரு பெண்மணி ஏறினார். நைட் ஷிஃப்ட் முடித்துவந்த இளைஞர் ஒருவர் எதிரே உட்கார்ந்து கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, இதை மாட்டுக்குப் போட்டா நாளையிலேர்ந்து பால் கறக்குற வேலை மிச்சம்.”

“இன்னாபா, நீ மாட்டு டாக்டரா?”

“கார் கம்பெனில பெயிண்ட் ஷாப், அக்கா. ஊரு கோவில்பட்டிப் பக்கம்.”

“அப்போ காருக்கு பெயிண்ட் அடி. கம்பெனிக்கு வளைச்ச எடத்துல தானா மொளைச்சிகீது. சோளந்தானே?”

“மழையில்லாம வாடின சோளம். கதிர் வர்றதுக்கு முன்னாடி தின்னா மாடு நின்ன எடத்துலயே விழுந்துரும். எங்க ஊர்ல சின்னப்புள்ளைக்கும் தெரியும்.”

“எங்க ஊர்ல நெல்லுதான்பா. வைக்கோல் துன்னு எந்த மாடும் சாவல.”

“இது வைக்கோல் இல்லக்கா. விஷம்.”

பெண்மணியின் கிண்டல் நின்றது. “மொத கட்டை வூட்டுக்காரரு சைக்கிள்ல எடுத்துக்கினு பூட்டாரே!”

மூன்றாவது முறை அடித்தபோதுதான் கணவர் போனை எடுத்தார்.

“யோவ், மாட்டுக்குப் போட்டியா? இன்னாது, கட்டை வாசல்ல போட்டுட்டு மறுபடியும் பட்த்துக்கினியா?”

ஆட்டோவில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

“இருவது வருஷமா உன் தூக்கத்தைத் திட்டிக்கினு இருந்தேன். இன்னிக்கு ஒரு நாள் மன்னிச்சுட்டேன், தூங்குய்யா. கட்டைத் தொட்டின்னா தொலைச்சிடுவேன்.”

இளைஞர் இறங்க வேண்டிய நிறுத்தம் அதற்குள் தாண்டிப்போயிருந்தது.