இருபத்தாறு பேர், ஒரு மலை

ராஜமாணிக்கம்: ...அதான் கேக்கறேன் எழிலரசி டீச்சர். பாட்டு இல்ல, ஜிகினா இல்ல. இதுக்குப் பேரு டான்ஸா?

எழிலரசி: பசங்களே யோசிச்சு ஆடறது சார்.

ராஜமாணிக்கம்: யோசிக்கட்டும், கிளாஸ்ல! வெள்ளிக்கிழமை ஆண்டு விழா. கல்வி ஆபீசர் வர்றாரு. ஹெட்மாஸ்டர்னு எனக்கு ஒரு கௌரவம் இருக்குல்ல? டவுன்லேர்ந்து விமல்ராஜ் மாஸ்டரைக் கூப்பிடறேன். கூலிங் கிளாஸ் போட்டு நாலு ஸ்டெப்பு...

எழிலரசி: போன வருஷம் அந்தக் கூலிங் கிளாஸ்லதான் சார், கண்ணு தெரியாம ரெண்டு பேர் மேடையை விட்டு விழுந்தாங்க.

ராஜமாணிக்கம்: அது... மேடை சின்னது.

எழிலரசி: மொத நாள் "இஷ்டத்துக்கு ஓடுங்கடா"ன்னேன். இருபத்தாறு பேரும் செருப்பை ஓரமா விட்டுட்டு, என்னை வலமா சுத்த ஆரம்பிச்சுட்டாங்க!

ராஜமாணிக்கம்: அடி அண்ணாமலை ஊர்ப் பசங்க. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசல்ல பாக்கற கிரிவலம்தானே வரும்?

எழிலரசி: சரி, அதையே ஆடுங்கன்னு விட்டுட்டேன். ஒருத்தி கால் கொப்பளிச்ச வெள்ளைக்காரம்மா. ஒருத்தன் ஆட்டோ. நாலு பேரு சாம்பார் சாத க்யூ, அதுல ஒருத்தன் ரெண்டாவது வாட்டி வந்து நிக்கறான். இத்தனையும் யார் அமைச்சது தெரியுமா? மூணாங்கிளாஸ் ஓவியா.

ராஜமாணிக்கம்: ம்...

எழிலரசி: பேர் கூப்பிட்டா "உள்ளேன்"னு சொல்லாத பொண்ணு சார். இப்ப "டேய், ஆட்டோ இடிக்காதே"ன்னு அதட்டறா. இதை நிறுத்தினீங்கன்னா அவ திரும்பக் கம்முனு ஆயிடுவா.

ராஜமாணிக்கம்: முழுசா நிறுத்த வேணாம்... நடுவுல மலையா ஒரு ஆள் நிக்குதுல்ல, அதை மட்டும் எடுத்துட்டா...

எழிலரசி: மலை இல்லாம எதைச் சுத்துவாங்க?

ராஜமாணிக்கம்: அட்டையில செஞ்சு வெச்சுக்கலாமே.

எழிலரசி: ஓவியா ஒத்துக்க மாட்டேங்கறா. மூச்சு விடற மலைதான் வேணுமாம். யாரையோ புடிச்சுப் பழக்கறாளாம். யாருடின்னா சொல்ல மாட்டேங்கறா.

ராஜமாணிக்கம்: சொல்லலையா? நல்ல பொண்ணு.

எழிலரசி: மலைக்கு ஆபீசரைக் கண்டா பயமாம். அது மட்டும் சொன்னா.

ராஜமாணிக்கம்: பயமா? யாருக்கு... அதெல்லாம் ஒண்ணும் இல்ல.

எழிலரசி: பாவம், அவரை ஏன் கஷ்டப்படுத்தணும்? வாட்ச்மேன் முருகையனை நிக்க வெச்சுடறேன் சார். நல்ல உயரம்.

ராஜமாணிக்கம்: முருகையனா! அவன் ரெண்டு நிமிஷம் சும்மா நிப்பானா? நாலு நாளா பசங்க சாப்பிட்டதும் ஸ்கூலுக்குப் பின்னாடி வெயில்ல போய் நிக்கறேன் டீச்சர், மூக்கு அரிச்சாக்கூட சொறியாம! "சார், நீங்க நிஜ மலை மாதிரியே இருக்கீங்க"ன்னு நேத்து அந்தப் பொண்ணு எல்லார் முன்னாடியும் சொல்லிச்சு... எந்த ஆபீசர் எனக்கு இப்படி ஒரு சர்டிபிகேட் குடுத்தாரு? எவன் வந்தாலும் சரி, வெள்ளிக்கிழமை நான்தான் நிப்பேன்!