கைராசி டாக்டர் கை கழுவுகிறார்

செந்தூர்பாண்டி: சிரிக்காதலே. நெசத்தச் சொல்லு, ஒன் போன்ல நான் செஞ்சு குடுத்த ஆப்ப நீ பாக்கியா, இல்லையா?

டாக்டர் எபனேசர்: எது... மருந்து பேரத் தட்டுனா இன்னாருக்கு ஆகும், இன்னாருக்கு ஆகாதுன்னு சொல்லுமே, அதா? டாக்டருக்குப் படிச்சது நானா, அதுவா?

செந்தூர்பாண்டி: வைத்தியம் ஒன் வேல. ஞாபகம் வச்சுக்கிடுததுதான் அதோட வேல.

எபனேசர்: என் ஞாபகத்துக்கு என்னலே கொற?

செந்தூர்பாண்டி: பத்தாங்கிளாஸ்ல என்னப் பாத்து எழுதுனவன்தான நீ?

எபனேசர்: பைய பேசு! வெளிய ஆளு உக்காந்திருக்கு.

செந்தூர்பாண்டி: சரி... பாக்கியா?

எபனேசர்: இது ஆழ்வார்குறிச்சிலே. நோயாளி முன்னால போனத் தட்டுனா, ‘டாக்டருக்கே தெரியல’ன்னு அம்பாசமுத்திரம் பஸ் ஏறிருவாங்க.

செந்தூர்பாண்டி: புஸ்தகத்தப் பாத்தா?

எபனேசர்: தென்காசி பஸ்.

செந்தூர்பாண்டி: அதான் நடுவுல நடுவுல எந்திரிச்சுத் திரைக்குப் பின்னால போறியோ?

எபனேசர்: அது... கை கழுவலே. சுத்தம்.

செந்தூர்பாண்டி: போன மாசம் எங்கம்மா மூட்டுவலின்னு வந்தால்லா? மொதல்ல ஒரு மாத்திர சொன்னியாம். கை கழுவிட்டு வந்து, ‘அது வேண்டாம், வேற தாரேன்’ன்னியாம்.

எபனேசர்: தண்ணி பட்டா மூள வேல செய்யும்.

செந்தூர்பாண்டி: தண்ணிச் சத்தமே கேக்கலங்கா அவ!

எபனேசர்: எப்பலே சொன்னாங்க?

செந்தூர்பாண்டி: இன்னைக்குக் காலையிலதான் சொன்னா. ‘கை காஞ்சே இருந்துச்சு, ஆனா கைராசிக்காரரு’ன்னு பெருமை வேற.

எபனேசர்: மானத்த வாங்காதலே...

செந்தூர்பாண்டி: வெளையாட்டு இல்ல. ரத்தம் உறையாம இருக்க மாத்திர சாப்பிடுதவ அவ. மொதல்ல சொன்னதக் குடுத்திருந்தா?

எபனேசர்: ...உள்ளுக்குள்ள ரத்தம் கொட்டிருக்கும். மறந்துட்டேம்லே. ஒன் ஆப்தான் செவப்பு எழுத்துல ‘குடுக்காதே’ன்னுச்சு. அதுலருந்து செவப்பு வருதான்னு பாக்காம ஒருத்தருக்கும் எழுதுததில்ல. போதுமா?

செந்தூர்பாண்டி: அப்ப போன வாரம் டாக்டர்மார எல்லாம் கூட்டி வச்சு, ‘இந்த ஆப்ப யாராவது பாக்கியளா’ன்னு கேட்டேனே, ஏம்லே வாயத் தொறக்கல?

எபனேசர்: அத்தன பேரும் ‘நாங்க பாக்கதே இல்ல’ன்னு மீசய முறுக்குதாங்க. நான் மட்டும் எந்திரிச்சுத் தல குனியவா? என்னலே, மொகம் இப்பிடிப் போவுது? சிரியேன்.

செந்தூர்பாண்டி: ஒருத்தரும் பாக்கதில்ல, சும்மா கண்ண உறுத்துதுன்னு நீங்கதான சொன்னிய... நேத்தே அந்தச் செவப்பு எழுத்த எடுத்துட்டேம்லே. காலையிலருந்து எத்தன பேருக்குக் கை கழுவுன?